முதல் கம்பியில் கால் வைத்தவர்



போன தவணை தரம் 9 பிள்ளைகளைச் சிகிரியாவுக்குக் கூட்டிப்போனோம். ஓவியங்களுக்கு ஏறும் சுருள் படியில், கைபிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே ஒரு மாணவன் கேட்டான்: "சேர், இந்தப் படி இல்லாத காலத்தில எப்படி ஏறினாங்க?" திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்ன பதிலை இங்கேயும் எழுதுகிறேன்.

5ஆம் நூற்றாண்டில் காசியப்பன் அந்தப் பாறையைக் கோட்டையாக்கினான். அவன் காலத்து வழிகள் பிறகு சிதைந்துபோயின. ஓவியக் குகை ஆள் எட்டாத செங்குத்துச் சுவரில் தனித்து நின்றது. 1889இல் ஆளுநர் ஆர்தர் கோர்டன் காலத்தில், அந்த ஓவியங்களைப் பிரதி எடுக்கப் பொறியியலாளர் மரே போனார். பாறையில் பேய் இருக்கிறதென்று ஊரார் வேலைக்கு வர மறுத்தார்கள். வந்தவர்கள் தமிழ்க் கல்தச்சர்கள்.

அவர்கள் பாறையில் துளையிட்டு, இரும்புக் கம்பியைச் செருகி, சீமெந்து வைத்து இறுக்கினார்கள். அந்தக் கம்பியில் நின்றுகொண்டு அடுத்த துளை. பிறகு அடுத்த கம்பி. கடைசிக் கட்டத்துக்கு முன் ஒருவர் மூன்று நாள் நோன்பிருந்து பிரார்த்தித்துவிட்டே ஏறினார் என்று சொல்லப்படுகிறது. அதன் பிறகே மேலே பலகைத் தட்டு அமைத்து, மரே அதில் படுத்தபடி படங்களைப் பிரதி எடுத்தார்.

இன்று உலகில் உயரமான பாறைகளில் ஏறுபவர்களின் முறையும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. கயிறு பெரும்பாலும் 60 மீற்றர்தான். பாறை அதைவிட உயரம் என்றால் கட்டம் கட்டமாக ஏறுவார்கள். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும், ஒன்று கழன்றாலும் மற்றது தாங்கும்படி குறைந்தது இரண்டு பிடிமானங்களில் தன்னைக் கட்டிக்கொண்ட பிறகே, முன்னே போனவர் கீழே நிற்பவரை மேலே அழைப்பார். ஒருவர் ஏறும்போது மற்றவர் கயிற்றிலிருந்து கையெடுக்கமாட்டார். ஒருவர் போட்ட முடிச்சை மற்றவர் பார்ப்பார். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் இதை விடுவதில்லை.

கடற்கரைக்காரர்களான நமக்கு இது புதிதல்ல. முத்துக் குளித்த காலத்தில் மூழ்குபவர் கல்லில் கால் வைத்து இறங்குவார். தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே இருந்து கயிறு அசைந்ததும் இழுத்துத் தூக்குவார். அவர் அசந்தால் மூழ்கியவர் மௌத்து. "மலையேறப் போனாலும் மச்சான் துணை வேண்டும்" என்ற பழமொழிக்கும் இதே அர்த்தம் சொல்வார்கள்: தங்கச்சியை விதவையாக்க மனம் வராத மச்சான்தான் கயிற்றை விடமாட்டான்.

சிகிரியா என்றால் காசியப்பன் பெயர் வரும், மரே பெயரும் வரும். முதல் கம்பியில் காலை வைத்த கல்தச்சரின் பெயரைப் பிள்ளைகள் எந்தப் பாடப்புத்தகத்திலும் படிப்பதில்லை. கீழே நின்று உளியும் சீமெந்தும் எடுத்துக் கொடுத்தவர்களின் பெயரும் அப்படித்தான். ஆனால் அவர்கள் அவசரப்பட்டு ஒரு கம்பியைச் சரியாக இறுக்காமல் விட்டிருந்தால் அந்தப் பிரதிகள் வந்திருக்காது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. அட்டைக்கும் சங்குக்கும் மூழ்கப் போகும் நம் இளைஞர்களில் சிலர் "நமக்குப் பழக்கம்தானே" என்று தனியாக இறங்குகிறார்கள். தம்பிமாரே, தைரியம் உங்களுக்கு நிறையவே இருக்கிறது. இறங்குமுன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: மேலே கயிறு யார் கையில்?

வாப்பாமாரும் இன்று இரவு பிள்ளைகளிடம் இதைக் கேளுங்கள்.