42 சிகரம்... 24 மணி நேரம்... ஓடறதுக்கு முன்னாடி ஒரு நோட்டம்!

ஸ்டார்ட்டிங் துப்பாக்கி கிடையாது. பாறையில பெயின்ட் அடிச்ச அம்புக்குறி கிடையாது. ஆனாலும் மலை ஓட்டக்காரர்கள் பலருக்கும் இங்கிலாந்தின் 'பாப் கிரஹாம் ரவுண்ட்' ஒரு வாழ்நாள் கனவு!

லேக் டிஸ்ட்ரிக்ட்டில் இருக்கும் கெஸ்விக் ஊரின் மூட் ஹால் வாசலில் கிளம்பி, 42 சிகரங்களைத் தொட்டுவிட்டு, 24 மணி நேரத்துக்குள் அதே வாசலுக்குத் திரும்ப வேண்டும். தூரம் சுமார் 106 கி.மீ. மொத்த ஏற்றம் சுமார் 8,200 மீட்டர். எவரெஸ்ட்டுக்குக் கொஞ்சம்தான் கம்மி பாஸ்!

1932 ஜூனில் இதை முதலில் முடித்த பாப் கிரஹாம், அதே ஊரில் விருந்தினர் விடுதி நடத்தியவர். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 23 மணி 39 நிமிடம். ஷூ தேயக் கூடாதுன்னு, முன்கூட்டியே பாதையை வெறுங்காலோடு நடந்து பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, இன்னிக்கும் இந்தச் சவாலின் பாதி வேலை அந்த நோட்டம்தான். சினிமாக்காரர்கள் லொக்கேஷன் பார்க்கப் போவாங்களே, அந்த 'ரெக்கி'யேதான்.

பாதை ஐந்து பகுதி. நடுவில் நான்கு இடங்களில் சாலை குறுக்கிடும். அதனால் வார இறுதிக்கு ஒரு பகுதி என்று பிரித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு உச்சிக்கும் எத்தனை நிமிஷம் ஆச்சு, தண்ணீர் எங்கே கிடைக்குதுன்னு குறிச்சு வெச்சுக்கணும். முதல் பகுதியை இருட்டில் ஓடப்போறீங்கன்னா, நோட்டத்தையும் ஹெட்லைட் மாட்டிக்கிட்டு இருட்டில்தான் பார்க்கணும். பகலில் பளிச்னு தெரியும் தடம், ராத்திரியில் ஆடு போன தடத்தோடு கலந்துடும். கிரேட் கால்வா மலையிலிருந்து இறங்கியதும் கால்டியூ ஆறு வேறு இருக்கு. சாதாரண நாளில் கால் நனையும், அவ்வளவுதான். மழை கொட்டினால் இறங்கவே முடியாது.

உண்மையான வில்லன் மூன்றாவது பகுதியில். இங்கிலாந்தின் உயரமான சிகரம் ஸ்காஃபெல் பைக் (978 மீட்டர்). அதிலிருந்து பக்கத்துச் சிகரமான ஸ்காஃபெல், கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். ஆனால் நேராகப் போனால் 'பிராட் ஸ்டாண்ட்' என்ற பாறைச்சுவர் மறிக்கும். நுழைவிலேயே உடம்பை ஒருக்களித்து நுழைய வேண்டிய இடுக்கு ஒன்று. அதற்கு உள்ளூர் பெயர், 'குண்டு மனிதரின் வேதனை'! அதைத் தாண்டினால் வழுக்குப் பாறை. பலர் விழுந்து அடிபட்ட இடம் என்பதால், நண்பர்கள் முன்கூட்டியே போய்க் கயிறு கட்டி வைப்பது வழக்கம். கயிறு இல்லையென்றால், சரிவில் இறங்கி ஃபாக்ஸஸ் டார்ன் வழியாகச் சுற்றி ஏறணும். நேரமும் தெம்பும் போகும், உயிர் போகாது. 'லார்ட்ஸ் ரேக்' என்று இன்னொரு வழியும் இருக்கு. எது உங்களுக்குச் சரின்னு நோட்டத்தப்பவே முடிவு பண்ணிடணும். 12 மணி நேரம் ஓடிக் களைச்ச மூளை அங்கே நின்னு யோசிக்காது.

ஜி.பி.எஸ் இருக்கேன்னு கேட்கலாம். பனிமூட்டத்தில் நீங்க எங்கே நிக்கறீங்கன்னு அது காட்டும். அந்தப் பாறை ஈரமா இருக்கான்னு காட்டாது.

இன்னொண்ணு... கணக்கில் சேர, ஒவ்வொரு உச்சியிலும் கூட ஒருத்தர் சாட்சியாக இருக்கணும். அதனால் நோட்டத்துக்குத் தனியாகப் போகாமல், அன்னிக்குக் கூட ஓடப்போகும் நண்பரையும் இழுத்துக்கிட்டுப் போங்க. பாதி ராத்திரியில் வழி சொல்லப்போறது அவர்தான்!