விழித்திருந்த கரங்கள்

குரோசான் என்னும் பிறைவடிவப் பண்டத்தை வீட்டில் சுட முனையும் நாம், மதுவம் இட்ட இனிப்பு மாவினுள் வெண்ணெயை வைத்து மடித்து, அது பொங்கும்வரை மணிக்கணக்காகக் காத்திருக்கிறோம். விடியலில் அதனைச் சூடாக உண்ண வேண்டுமாயின், இரவில் எவரேனும் விழித்திருந்தே ஆகவேண்டும்.

1683இல் துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டபோது, இரவில் விழித்திருந்த பாண் சுடுவோரே சுரங்க ஓசை கேட்டு நகரைக் காத்தனர். அவ்வெற்றிச் சின்னமே இப்பண்டம் என்பர். இது கட்டுக்கதை, பிறைவடிவ ரொட்டி ஒஸ்திரியாவில் முன்னரே இருந்தது. 1830களின் இறுதியில் ஓகுஸ்ட் சாங் பாரிஸில் திறந்த வியன்னாப் பேக்கரியே அதனை அங்கு பரப்பியது.

அவர்கள் ஏன் விழித்திருந்தனர் என்று கதை கேட்கவில்லை. கேட்டது பாரிஸ் கொம்யூன். 1871 ஏப்பிரல் 20இல் அது பாண் சுடுவோரின் இரவு வேலையைத் தடைசெய்தது. மறுமாதமே கொம்யூன் குருதியில் அழிக்கப்பட்டது. அத்தகைய சட்டம் பிரான்சில் மீண்டும் தோன்ற 1919 ஆயிற்று. பண்டத்தின் வரலாற்றில் அந்த நாற்பத்தெட்டு ஆண்டுகளின் இரவுகளையும் நாம் சேர்த்தெழுத வேண்டும்.