ஓடுவதற்கு ஒரு வழி

பத்து வருடங்களுக்கு முன் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கலாம் என்று இங்கிலாந்து போயிருந்தேன். அவர்கள் இருப்பது ஷெஃபீல்டு. மாப்பிள்ளைக்கு ஓடுவதில் பைத்தியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு ஈடேல் என்ற மலையடிக் கிராமத்துக்குக் கூட்டிப்போனார். அவர் மலைமேல் ஓடிவிட்டு வரும்வரை நானும் மகளும் சமவெளியில் கொஞ்ச தூரம் நடப்பதாக ஏற்பாடு.

நடந்த பாதை ஒரு குடியானவரின் வயலுக்கு நடுவே போயிற்று. ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கல்சுவர் வந்தால் ஏறிக் கடக்க மரப்படி, வேலி வந்தால் தானாக மூடிக்கொள்ளும் கதவு. நான்கைந்து பேர் அரைக்கால் சட்டையுடன் சேறு தெறிக்க ஓடிவந்தார்கள். வீட்டுக்காரர் தன் கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஓடியவர்களில் ஒருவர் கையை உயர்த்தினார், அவரும் உயர்த்தினார், அவ்வளவுதான். ‘யார் நீங்கள், எங்கே வந்தீர்கள்’ என்று ஒரு வார்த்தை இல்லை.

மாப்பிள்ளை திரும்பி வந்ததும், "அந்தாள் நிலத்தில் எப்படி இப்படி ஓடுகிறீர்கள்?" என்று கேட்டேன். "நிலம் அவருடையதுதான் மாமா. வழி எல்லோருடையதும்" என்றார்.

நான் நில ஆவணங்களோடு வாழ்ந்த எழுத்தன். பள்ளியில் படித்தது பிரெஞ்சு, வேலையில் புரட்டியதும் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பதிவேடுகள். ஒருமுறை ஒரு கிராமத்தார் சுடுகாட்டுக்குப் போகும் வழியை யாரோ வேலி கட்டி அடைத்துவிட்டார்கள் என்று மனுவோடு வந்தார்கள். பழைய பதிவேட்டில் அந்த வழி கோடாக இருந்தது. புதியதில் இல்லை. நகல் எடுத்த யாரோ ஒரு எழுத்தர் அந்தக் கோட்டை விட்டுவிட்டார். அந்தக் கோட்டுக்காக அவர்கள் எத்தனை வருடம் அலைந்தார்கள் என்பது தனிக்கதை. அதனால்தான் மாப்பிள்ளை சொன்ன பதில் என்னை விடவில்லை. எந்தப் பதிவேட்டில், எந்தச் சட்டத்தின் கீழ் அது எல்லோருடைய வழி ஆயிற்று? ஊர் திரும்பியபிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் ஓட்டம். வயல்வெளியில் ஓடுவதை ஒரு விளையாட்டாக்கியவர்கள் பணக்கார வீட்டுப் பள்ளிப் பையன்கள். ஷ்ரூஸ்பரி என்ற ஊர்ப் பள்ளியில் 1831ஆம் ஆண்டிலிருந்தே இதற்குக் குறிப்பேடு எழுதி வைத்திருக்கிறார்கள். பெரியவர்கள் குதிரையில் நரி வேட்டைக்குப் போவார்கள். பையன்களுக்குக் குதிரை ஏது? இரண்டு பேர் நரியாக முன்னே ஓடுவார்கள், கிழித்த காகிதத்தை வழியெல்லாம் தூவிக்கொண்டு. மற்றவர்கள் வேட்டை நாய்களாகி அந்தத் தடத்தைப் பிடித்துத் துரத்துவார்கள். ரக்பி பள்ளியில் நரிக்குப் பதில் முயல். அங்கே படித்த தாமஸ் ஹ்யூஸ் 1857இல் எழுதிய ‘டாம் பிரவுனின் பள்ளி நாட்கள்’ நாவலில் இந்தத் துரத்தல் வருகிறது. நாவல் பெயர் பெற்றதும் ஆட்டமும் ஊரெல்லாம் பரவியது. ஹ்யூஸ் பிறந்த அஃபிங்டன் கிராமத்தின் குன்றில் சுண்ணாம்புப் பாறையில் செதுக்கிய வெள்ளைக் குதிரை ஒன்று இருக்கிறது, சுமார் மூவாயிரம் வருடப் பழமை. அதன் தலைக்கு மேலே மலைமுகட்டில் போகும் ரிட்ஜ்வே என்ற ஆதிகாலப் பாதையில்தான் இன்றைக்கும் ஓட்டக்காரர்கள் ஓடுகிறார்கள்.

1868இல் லண்டனில் படகு வலிப்பவர்கள் சிலர், குளிர்காலத்தில் உடம்பு துருப்பிடிக்காமல் இருக்க ‘தேம்ஸ் முயலும் நாய்களும்’ என்று ஒரு கிளப் தொடங்கினார்கள். 1876இல் முதல் ஆங்கிலேய சாம்பியன் போட்டி எப்பிங் காட்டில் நடந்தது. ஓடிய அத்தனை பேரும் வழி தப்பிவிட்டார்கள்! போட்டி செல்லாது என்று அறிவித்து அடுத்த வருடம் மறுபடி நடத்தினார்கள். எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் ‘க்ரோஸ்’ என்று சொல்லி எங்களை ஓடவிடுவார்கள். அது ஆங்கிலேயன் வீட்டுச் சரக்கு என்று அப்போது தெரியாது.

இந்தப் பையன்கள் யார் நிலத்தில் ஓடினார்கள் என்று கேட்கிறீர்களா? பெரும்பாலும் அப்பாவின் நிலம், அல்லது அப்பாவின் நண்பருடைய நிலம். ஏழைக்கு அந்த வசதி இல்லை.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் பாராளுமன்றம் சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டு ஊர்ப் பொது நிலங்களை வேலிக்குள் அடைத்தது. 1815இல் இன்னொன்றும் வந்தது. இந்தப் பாதை தேவையில்லை என்று இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் கையெழுத்துப் போட்டால் போதும், பாதை மூடப்படும். அந்த மாஜிஸ்திரேட்டுகள் யார்? அக்கம்பக்கத்து நிலக்கிழார்கள்தான். ஒருவர் பாதையை மற்றவர் மூட, மற்றவர் பாதையை இவர் மூட, மிக ஒழுங்காக வேலை நடந்தது. இதை எதிர்த்து 1826இலேயே மான்செஸ்டரில் பழைய நடைபாதைகளைக் காக்க ஒரு சங்கம் ஏற்பட்டது.

வடக்கே மலைகளின் கதை இன்னும் மோசம். ஈடேலுக்கு மேலே கிண்டர் ஸ்கௌட் என்று 636 மீட்டர் உயர மேட்டுநிலம். ஒரு பக்கம் மான்செஸ்டர், மறுபக்கம் ஷெஃபீல்டு. வாரமெல்லாம் ஆலைப் புகையைக் குடித்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பார்க்க ஏங்கிய இடம். ஆனால் அது டெவன்ஷயர் பிரபுவின் பறவை வேட்டை நிலம். வருடத்தில் சில நாள் துப்பாக்கி வெடிப்பதற்காக மற்ற நாளெல்லாம் வேட்டைக் காவலர்கள் தடியோடு நிற்பார்கள்.

1932 ஏப்ரல் 24, ஞாயிறு. ஹேஃபீல்டு என்ற ஊரின் கல்குவாரியில் சுமார் 400 இளைஞர்கள் கூடினார்கள். முன்னின்றவர் பென்னி ராத்மன், வயது 20, வேலையில்லாத மான்செஸ்டர் தொழிலாளி. ரயில் நிலையத்தில் போலீஸ் காத்திருக்கும் என்று சைக்கிளில் வந்துவிட்டார். கூட்டம் மலையேறியது. நடுவில் காவலர்களோடு தள்ளுமுள்ளு, ஒரு காவலருக்குக் காயம். அப்புறம் மேலே போய், மறுபக்கம் ஷெஃபீல்டிலிருந்து வந்தவர்களைச் சந்தித்துவிட்டு இறங்கினார்கள். ஊருக்குள் வந்ததும் கைது.

இங்கே ஒரு சட்ட நுணுக்கம். அந்த நாட்டில் அடுத்தவர் நிலத்தில் கால் வைப்பது சிவில் தவறுதான். அதற்காகச் சிறையில் தள்ள முடியாது. ஆகவே கலகம், சட்டவிரோதக் கூட்டம், தாக்குதல் என்று வழக்குப் போட்டார்கள். டெர்பி நீதிமன்றத்து ஜூரியில் ராணுவ அதிகாரிகள் பலர். ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை தண்டனை. ராத்மனுக்கு நான்கு மாதம். மலை ஏறியதற்கு நான்கு மாதம்!

அதே 1932, ஏழு வாரம் கழித்து, ஜூன் 13. வடமேற்கே ஏரி மாவட்டத்தில் கெஸ்விக் என்ற ஊரில் விருந்தினர் விடுதி நடத்திய பாப் கிரஹாம் என்பவர் ஊர் மண்டபத்திலிருந்து புறப்பட்டு, 42 சிகரங்களை ஏறி இறங்கி, 24 மணி நேரத்துக்குள் அதே வாசலுக்குத் திரும்பினார். அறுபது மைலுக்கு மேல். காலில் டென்னிஸ் ஷூ, மேலே பைஜாமாச் சட்டை என்று சொல்வார்கள். தின்றது ரொட்டியும் வெண்ணெயும் அவித்த முட்டையும். அவரை மறித்து யாரும் தடி ஓங்கவில்லை. அந்தச் சுற்றை இரண்டாவது ஆள் முடிக்க 1960 வரை ஆயிற்று. இன்று உலகமெங்கும் இருந்து ஓட்டக்காரர்கள் அதற்காக வருகிறார்கள்.

ஒரே நாடு, ஒரே வருடம். ஒருவருக்குச் சிறை, ஒருவருக்குப் புகழ். ஏன்? ஏரி மாவட்டத்து உச்சிகளில் பெரும்பகுதி ஊர்ப்பொது மேய்ச்சல் நிலமாகவே இருந்துவந்தது. வேட்டைக்காகப் பூட்டி வைக்கப்படவில்லை. இன்னொன்றும் உண்டு. முதல் உலகப்போரில் இறந்த தங்கள் தோழர்களின் நினைவாக அந்தப் பகுதி மலையேற்றச் சங்கத்தார் பணம் திரட்டி, கிரேட் கேபிள் முதலான சிகரங்களை வாங்கி 1923இல் நேஷனல் டிரஸ்டுக்கு எழுதிக்கொடுத்தார்கள். சிலை வைக்கவில்லை. ஒரு மலையையே எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். கிரஹாம் தாண்டிய 42 சிகரங்களில் கிரேட் கேபிளும் ஒன்று. நம் கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தைத் தாண்டும்போதெல்லாம் இப்போது எனக்கு அந்த மலை நினைவுக்கு வருகிறது.

மூன்றாவதாக ஒன்றும் அதே 1932இல் நடந்தது. அதைப்பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பாதை உரிமைச் சட்டம் ஒன்று நிறைவேறியது. பொதுமக்கள் ஒரு பாதையைத் தடையில்லாமல், உரிமையோடு, 20 வருடம் பயன்படுத்தி வந்தால், நிலக்காரர் அதைப் பொதுவுக்கு விட்டதாகவே கொள்ளப்படும் என்றது அந்தச் சட்டம். இதே விதி இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதாவது அங்கே ஒருவர் ஓடுவதும் நடப்பதும் வெறும் பொழுதுபோக்கு அல்ல. ஒவ்வொரு காலடியும் ஒரு சாட்சி.

பிறகு 1949இல் வந்த சட்டம்தான் என் போன்றவனுக்கு அமுதம். தேசியப் பூங்காக்களை உண்டாக்கிய அதே சட்டம், ஒவ்வொரு கவுண்டியும் தன் எல்லைக்குள் உள்ள நடைபாதைகள் அனைத்தையும் அளந்து வரைபடத்தில் ஏற்ற வேண்டும் என்று கட்டளையிட்டது. முதலில் வரைவு, ஆட்சேபங்கள், விசாரணை, அப்புறம் அறுதி வரைபடம். அதில் ஏறிவிட்டால் அதுவே முடிவான ஆதாரம். நிலத்தை யார் விற்றாலும் யார் வாங்கினாலும் வழி போகாது. இந்த வேலையின் அடித்தளம் சின்னச் சின்ன ஊராட்சிகள்தான். 1950களின் தொடக்கத்தில் ஊர்க்காரர்கள் பலர் சம்பளமில்லாமல் தங்கள் ஊர்ப் பாதைகளை நடந்து பார்த்து எழுதிக்கொடுத்தார்கள். எழுத்தர்கள் பிழை விடாத ஊர் எது? ஒரு ஊராட்சி குறித்த பாதையைப் பக்கத்து ஊராட்சி குறிக்க மறந்து, எல்லைக்கோட்டில் வயல் நடுவே சட்டென்று நின்றுபோகும் பாதைகள் இன்றும் அந்த வரைபடங்களில் இருக்கின்றனவாம். படித்தபோது சிரித்துவிட்டேன். சுடுகாட்டுப் பாதைக்காக வந்தவர்கள் நினைவு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இப்படி ஏறிய பாதைகள் இங்கிலாந்தும் வேல்சும் சேர்ந்து ஏறக்குறைய 1,40,000 மைல்.

டாம் ஸ்டீபன்சன் என்ற பத்திரிகைக்காரர் 1935இலேயே, மலை முதுகெலும்பு வழியாக ஸ்காட்லாந்து வரை நீண்ட பசும்பாதை ஒன்று வேண்டும் என்று ‘டெய்லி ஹெரால்டு’ நாளிதழில் எழுதினார். முப்பது வருடம் விடாமல் அலைந்து, 268 மைல் நீளமுள்ள பென்னைன் வே 1965இல் திறக்கப்பட்டது. திறந்த தேதி ஏப்ரல் 24. தொடங்கும் இடம் ஈடேல். நாங்கள் நின்றிருந்த அதே ஈடேல்! ஆனாலும் ஸ்டீபன்சன், கிண்டர் அத்துமீறலால் பெரிய பயன் ஒன்றும் இல்லை என்ற கருத்துக்காரர். அன்றைய நடைச் சங்கத்துப் பெரியவர்களும் இளைஞர்கள் காரியத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்றே சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனுப் போட்டவர்கள் ஐம்பது வருடமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பென்னி சிறைக்குப் போன பிறகுதான் மலை பத்திரிகையின் முதல் பக்கத்துக்கு வந்தது. அதே சமயம் மனுக்கள் தயாராக இல்லாவிட்டால், கோபம் ஆறியபின் சட்டமாக எழுத ஒன்றும் இருந்திருக்காது. நான் எழுத்தன், அந்தப் பக்கமும் பேசத்தான் செய்வேன்.

2019 ஜனவரியில் அந்த 268 மைலையும் ஒரே மூச்சில் ஓடும் போட்டியில் ஜாஸ்மின் பாரிஸ் என்ற பெண்மணி 83 மணி நேரத்தில் முதலாவதாக வந்தார். ஆண்களையும் சேர்த்துத்தான் முதலிடம். 14 மாதக் கைக்குழந்தைக்காரி. வழியில் தங்குமிடங்களில் தாய்ப்பாலை எடுத்து வைத்துவிட்டு மறுபடி பனியில் ஓடினாராம். என் மனைவியிடம் இதைப் படித்துக் காட்டினேன். "குழந்தை யாரிடம் இருந்தது?" என்றுதான் முதலில் கேட்டாள்.

2000இல் இன்னொரு சட்டம் வந்தது. மலை, மேட்டுநிலம், புதர்க்காடு, பதிவான பொதுநிலம் ஆகியவற்றில் பாதை என்று தனியாக இல்லாமலே காலால் எங்கும் போகலாம் என்று அது அனுமதித்தது. கிண்டர் ஸ்கௌட்டும் அதில் அடங்கும். 2002 ஏப்ரலில், அத்துமீறலின் 70ஆம் ஆண்டு விழாவில், அன்றைய டெவன்ஷயர் பிரபு மேடையேறி, தன் தாத்தா செய்தது தவறு என்று எல்லோர் முன்பும் வருத்தம் தெரிவித்தார். பென்னி ராத்மன் அதே வருடம் ஜனவரியில்தான் காலமாகியிருந்தார், 90 வயதில். அவர்கள் கூடிய கல்குவாரியின் பாறையில் இப்போது ஒரு பலகை பதித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை அந்தப் பக்கம் ஓடும்போது அங்கேதான் நின்று ஷூ நாடாவை இறுக்கிக் கட்டிக்கொள்வாராம்.