பெயர்ப்பலகை இல்லாத உணவகங்கள்: பம்பாய் உண்டும் குடித்தும் வளர்ந்த கதை

ஒரு நகரத்தின் தேநீர்க் கடைகளையும் உணவகங்களையும் மதுக்கூடங்களையும் அவ்வூர்க்காரரைப் போலச் சுற்றிப் பார்க்கலாம் என்பது இன்றைய பயண எழுத்து தரும் விருப்பமான வாக்குறுதி. 'லோக்கல்' என்பதே அதற்கு வழங்கும் சொல். மும்பையில் அச்சொல்லைச் சொன்னால் கேட்பவர் மனத்தில் முதலில் வருவது புறநகர் ரயில். தமிழ்ப் பேச்சில் அதற்குத் தரம் தாழ்ந்தது என்ற பொருளும் ஏறிவிட்டது. இவ்விரு பொருளும் சேரும் இடத்தில்தான் பம்பாயின் உணவக வரலாறு தொடங்குகிறது: ரயிலில் வந்து இறங்கியவர்கள், மேட்டுக்குடி விடுதிகளின் படியேற முடியாதவர்கள், அவர்களுக்குச் சோறிட்டவர்கள்.

வழிகாட்டி நூல்களும் மரபுப் பட்டியல்களும் வேறிடத்தில் தொடங்குகின்றன. 1871இல் தொடங்கிய லியோபோல்டு, 1904இன் கியானி, 1923இன் பிரிட்டானியா, 1932இன் மோண்டேகர் என்று பலகையையும் ஆண்டையும் கொண்டே அவை நகரத்தை வரிசைப்படுத்துகின்றன. இவற்றின் சிறப்பை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பலகையும் தொடக்க ஆண்டும் உள்ளவை மட்டுமே வரலாறாகும்போது, இந்நகரத்தின் பெரும்பகுதிக்கு உணவளித்த இடங்கள் பட்டியலுக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

முதலில் பலகை உள்ளவற்றைப் பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யஸ்து, கெர்மான் பகுதிகளிலிருந்து சரதுஷ்டிர சமயத்தினர் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தனர். பல நூற்றாண்டுகளுக்கு முன்பே குசராத்துக் கரைக்கு வந்த பார்சிகளும் இவர்களும் ஒரே சமயத்தினர். வந்த காலமும் பேச்சும் தொழிலும் வேறு. 1870களின் தொடக்கத்தில் ஈரானைச் சூறையாடிய பஞ்சமும், அங்கே சிறுபான்மையினர் பட்ட இடர்களும் இவர்களைத் தள்ளின. இவர்கள் தொடங்கிய தேநீர்க் கடைகள் தெருமுனைகளில் அமைந்தன. முனை இடம் ஆகாது என்று இந்து வணிகர்கள் ஒதுக்கியதால் அவை மலிவாகக் கிடைத்தன என்ற விளக்கம் எல்லா நூல்களிலும் திரும்பத் திரும்ப வருகிறது. அதில் ஆவணத்தின் உறுதியைவிட வாய்வழிக் கதையின் சுவையே மிகுதி. இரு தெருக்களின் நடமாட்டமும் இரு பக்க வெளிச்சமும் ஒரு வணிகருக்குப் போதுமான காரணங்கள்.

பளிங்குப் பலகை மேசை, வளைமர நாற்காலி, சுவரெங்கும் கண்ணாடி, கண்ணாடிக் கலயங்களில் பிஸ்கட்டு, கல்லாவில் முதலாளி: இந்த அமைப்பு தானே ஒரு சமூக ஏற்பாடு. ஒரு கோப்பைத் தேநீருக்கும் வெண்ணெய் தடவிய ஒரு 'புருன்' ரொட்டிக்கும் காசு கொடுத்தால் போதும். யாருடைய மேசையில் யார் வந்து அமர்கிறார் என்பது கேட்கப்படவில்லை. தோபி தலாவில் மெட்ரோ திரையரங்கின் அண்மையில் இன்றும் இருக்கும் கியானியில் வழக்கறிஞரும் கல்லூரி மாணவரும் பங்குச் சந்தைத் தரகரும் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். அதற்கெதிரே இருந்து, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடப்பட்ட பஸ்தானியில், வாடிக்கையாளர் எவற்றையெல்லாம் செய்யலாகாது என்ற நீண்ட அறிவிப்புப் பலகை ஒன்று இருந்தது. நிஸ்ஸிம் எசக்கியேல் அதைக் கவிதையாகவே ஆக்கினார். தடைகளின் பட்டியல் நீளமானதற்கு உள்ளே வருவோரின் பன்மையும் ஒரு காரணம் என்று கொள்ளலாம். ஒரே வகை மனிதர் மட்டும் வரும் இடத்தில் விதிகளை எழுதி மாட்ட வேண்டிய தேவை குறைவு.

ஆயினும் 'எல்லோருக்கும் திறந்த கதவு' என்ற பெருமிதத்தை அப்படியே ஏற்க இயலாது. 1917இல் பரோடாவுக்குப் பணியேற்கச் சென்ற அம்பேத்கர், தங்க இடமின்றி ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரொன்றைப் பதிவு செய்துகொண்டு தங்கினார். பதினோராம் நாள், தடியேந்திய பார்சிகள் கூட்டமாக வந்து அவரை வெளியேற்றினர். அதை அவரே தம் தன்வரலாற்றுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். நிகழ்ந்தது பரோடாவில், பம்பாயின் இரானிக் கடைகளை இதற்குப் பொறுப்பாக்க முடியாது. ஆனால் உணவும் உறைவிடமும் விற்கும் ஓர் இடம் 'பொது' ஆவதற்குச் சமயச் சகிப்பு மட்டும் போதாது என்பதற்கு அந்நிகழ்வே சான்று. அரசமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவு கடைகளோடு உணவகங்களையும் விடுதிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது தற்செயலன்று. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் ஒரு படி இறங்கி, உணவகத்தில் வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்தும் உரிமையைப் பற்றியும் பேசியது. குவளையைப் பற்றிச் சட்டம் பேச வேண்டியிருந்த நாடு இது.

மாட்டுங்காவுக்குச் சென்றால் பலகைகளின் மொழி மாறுகிறது. 1896இல் பம்பாயைத் தாக்கிய கொள்ளைநோய்க்குப் பின் 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை, தாதர்-மாட்டுங்காப் பகுதியைத் திட்டமிட்டு உருவாக்கியது. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்ற தென்னிந்தியர், பெரும்பாலும் பிராமணர், அங்கே குடியேறினர். அவர்களைத் தொடர்ந்து வந்தன மைசூர் கபே, மணீஸ் லன்ச் ஹோம், கபே மெட்ராஸ், 1942இல் இராம நாயக் தொடங்கிய உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங். 'போர்டிங்' என்ற பெயர் இருப்பினும் அங்கே நடப்பது சாப்பாடு மட்டும். 'லன்ச் ஹோம்' என்பதில் உள்ள 'ஹோம்' இன்னும் கவனத்திற்குரியது. வெளியில் உண்பதே தீட்டு என்று வளர்க்கப்பட்ட ஒருவருக்கு, இது கடையன்று, வீடுதான் என்று அச்சொல் உறுதி கூறியது. யார் சமைக்கிறார் என்ற வினாவுக்கு வினா எழும் முன்பே பலகை விடை சொன்னது.

தமிழகத்தில் இதே விடையை இன்னும் வெளிப்படையாகச் சொன்ன பலகைகள் இருந்தன. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் நடத்திய மறியல் பல மாதங்கள் நீடித்தது. ஒரு பலகையின் ஒரு சொல்லுக்காக மக்கள் சிறை சென்றார்கள். மாட்டுங்காவின் பலகைகள் மீதும் பின்னாளில் கல் விழுந்தது, வேறொரு காரணத்துக்காக. 1966இல் தோன்றிய சிவசேனை தென்னிந்தியருக்கு எதிராகத் திரண்டபோது, உடுப்பி உணவகங்கள் எளிய இலக்காயின. அடிவாங்கியது முதலாளியின் கண்ணாடி மட்டுமல்ல. தென் கன்னடத்திலிருந்து சிறுவனாக வந்து, மேசை துடைத்து, இரவில் அம்மேசை மீதே உறங்கிய பணியாளனின் வாழ்விடமும் அதுதான்.

இனி, பலகை இல்லாதவை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பம்பாயின் மக்கள்தொகையில் ஆண்களில் ஏறத்தாழப் பாதியளவே பெண்கள் இருந்தனர். கொங்கணத்திலிருந்தும் தக்காணப் பீடபூமியிலிருந்தும் பஞ்சாலை வேலைக்கு வந்த ஆண்கள் குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர்கள். 'சாள்' எனப்பட்ட ஒற்றை அறைக் குடியிருப்புகளில், ஓர் அறைக்குப் பலர் என்று முறைவைத்து உறங்கினார்கள். அவர்களுக்கு இரானிக் கடையின் தேநீர் ஓய்வு நேரத்துக்கு உதவியது. அன்றாடச் சோற்றுக்கு உதவியது 'கானாவள்'. அதே சாளில், தன் ஒற்றை அறையிலேயே ஒரு பெண் பத்துப் பேருக்கோ இருபது பேருக்கோ சமைப்பாள். கணவனை இழந்தவர்கள், ஆலையில் ஆட்குறைப்பால் வேலை போனவர்கள், கணவன் கூலி போதாதவர்கள் இத்தொழிலுக்கு வந்தனர். சிலர் அங்கேயே உண்டனர். சிலருக்கு அடுக்குப் பாத்திரத்தில் ஆலைக்குச் சென்றது. மாதக் கணக்கு. பட்டியல் இல்லை, பலகை இல்லை, உரிமமும் பெரும்பாலும் இல்லை.

கானாவளைப் பொன்னொளியில் காட்டுவதும் பிழை. அவை ஊர்வாரியாகவும் சாதிவாரியாகவும் பிரிந்திருந்தன. ஆலைக்குள்ளேயே அந்தப் பிரிவு வாயைச் சார்ந்து நின்றது. நெசவுப் பிரிவில் தறியின் ஓடத்தில் நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்ததால், எச்சில் தீட்டு என்ற காரணம் சொல்லிக் கூலி மிகுந்த அப்பிரிவில் தலித் தொழிலாளர் சேர்க்கப்படவில்லை. 1928ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் எழுப்பிய கேள்விகளில் இதுவும் ஒன்று. அவர் அப்போது குடியிருந்ததும் பரேல் பகுதிச் சாளில்தான். தறியில் வாய் பிரிக்கப்பட்ட இடத்தில் தட்டு மட்டும் ஒன்றாகியிருக்க வாய்ப்பில்லை.

வேலைநிறுத்தம் வந்தால் சம்பளம் நிற்கும், பசி நிற்காது. கூலியை இழந்தவர்களுக்குக் கடனில் சமைத்தவள் கானாவள்காரி. மளிகைக்காரனிடமும் வட்டிக்காரனிடமும் தன் தாலியையோ பாத்திரத்தையோ வைத்து அவள் ஓட்டினாள். போராட்ட வரலாறுகள் தலைவர்களின் பெயரைச் சொல்கின்றன. போராட்டத்தின் அடுப்பு யாருடையது என்பது அவற்றில் அரிதாகவே வருகிறது. 1975இல் தொழிற்சங்கத்தினரும் கோவா விடுதலைப் போராட்டத்தில் பங்கேற்றவருமான பிரேமா புராவ், இப்பெண்களைத் திரட்டி அன்னபூர்ணா மகிளா மண்டலைத் தொடங்கினார். நாட்டுடைமை வங்கியில் அவர்களுக்குக் கடன் கேட்பதே முதல் பணி. கடன் படிவத்தில் தொழில் என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும் அல்லவா? சமையல் ஒரு தொழில் என்று முதன்முறையாகக் காகிதத்தில் ஏறியது இப்படித்தான்.

மதுவின் கதையிலும் பெண்ணின் அறைதான் கூடமாயிற்று. 1939இல் காங்கிரசு அமைச்சரவை பம்பாயில் மதுவிலக்கை முயன்றது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் அதை மாகாணம் முழுமைக்கும் உறுதிப்படுத்தியது. மொரார்ஜி தேசாயின் பெயரோடு பிணைந்த அக்காலத்தில், குடிக்க விரும்புவோர் உடல்நலத்தைக் காக்க மது தேவை என்று அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியிருந்தது. சீட்டு வாங்க வசதியற்றவர் சென்றது 'ஆன்ட்டி' வீட்டுக்கு. பாந்திரா முதல் தோபி தலாவ் வரை, பெரும்பாலும் கோவாக் கிறித்தவப் பெண்கள், தம் முன்னறையில் நான்கு நாற்காலி போட்டு, வடித்த சாராயத்தை விற்றனர். பம்பாயின் கள்ளச்சாராயம் என்றால் தமிழ் வாசகருக்கு வரதராஜ முதலியாரும், அவர் வாழ்க்கையின் சாயலில் 1987இல் வந்த 'நாயகன்' படமும் நினைவுக்கு வரலாம். அது வடித்தவர்களும் கடத்தியவர்களுமான ஆண்களின் காவியம். கோப்பையில் ஊற்றி, காசு எண்ணி, காவலருக்கு மாமூல் கொடுத்து, சோதனை வந்தால் பின்வாசலைத் திறந்துவிட்ட பெண் அக்காவியத்தில் இடம்பெறவில்லை.

விலக்கு தளர்ந்தபோது அறை மீண்டும் பலகையைப் பெற்றது: 'பர்மிட் ரூம்'. இரானிக் கடைகள் பல கைமாறின; உடுப்பி உணவகங்கள் பல, தரைத்தளத்தில் இட்லியும் உள்ளறையில் பீருமாகப் பிரிந்தன. ஆன்ட்டிகளின் வாடிக்கையாளர் அங்கே இடம்பெயர்ந்தனர். பெண்ணோ இப்போது உரிமையாளர் இருக்கையிலிருந்து மேடைக்கு மாறினாள். 2005இல் மகாராட்டிர அரசு நடன மதுக்கூடங்களைத் தடை செய்தபோது, மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள விடுதிகளுக்கும் மேட்டுக்குடி மன்றங்களுக்கும் விலக்களித்தது. 2006இல் உயர்நீதிமன்றமும் 2013இல் உச்சநீதிமன்றமும் அத்தடையைச் செல்லாதென்றன. ஒரே நடனம், சாயுமிடத்தின் விலையைப் பொறுத்து ஒழுக்கமாகவும் ஒழுக்கக்கேடாகவும் ஆவது எப்படி என்பதே வழக்கின் முள்.

1982 சனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பஞ்சாலைத் தொழிலாளர் இறங்கினர். அது முறையாக முடியவேயில்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. வாடிக்கையாளர் ஊர் திரும்பியதும் கானாவள்களும் மறைந்தன. அந்நிலங்கள் கைமாறின. லோயர் பரேலில் பீனிக்ஸ் மில்லும் கமலா மில்லும் இன்று உணவகங்களும் மதுக்கூடங்களும் அலுவலகங்களும் அடர்ந்த வளாகங்கள். பழைய பெயர்கள் மட்டும் முகவரியில் எஞ்சியுள்ளன. 2017 டிசம்பர் இறுதியில் கமலா மில் வளாகத்து மாடி உணவகங்களில் பற்றிய தீ 14 உயிர்களைக் கொண்டது. மும்பையை ஊர்க்காரரைப் போலச் சுற்ற விரும்புவோருக்கான பட்டியல்களில் இவ்வளாகங்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. லோக்கலில் வந்து லோயர் பரேலில் இறங்கி அங்கே நடக்கும் வழியில், இடிபடாமல் மிஞ்சிய சில சாள்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றின் ஒற்றை அறைகளில்தான் அந்த ஆலைகளுக்குப் போன சோறு வெந்தது.