பெட்ரோல் டாங்கிக்கும் மூச்சு வேணும்: ஒரு சின்ன ஓஸின் வரலாறு



சரஸ்வதி பூஜை வந்தால் ஆலய வாசலில் அப்பா காலத்துக் காடிகளும் வரிசையில் நிற்கும். மோரிஸ் மைனர், வோக்ஸ்வேகன் பீட்டல் மாதிரி. பொட்டு வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, முன்னால் சூடம் காட்டுவோம். அந்தக் காடிகளில் யாரும் கண்டுக்காத ஒரு ரப்பர் ஓஸ் இருக்கு. பெட்ரோல் டாங்கி மூச்சு விடுற ஓஸ். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

டாங்கிக்கு ஏன் மூச்சு? பால் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் பால் சரியா ஊத்தாது. இன்னொரு ஓட்டை போட்டு காற்று உள்ளே போனால்தான் ஊத்தும். டாங்கியும் அப்படித்தான். இஞ்சின் பெட்ரோலை இழுக்க இழுக்க, காலியான இடத்துக்குக் காற்று வரணும். வெயிலில் ஆவி பெருகினால் அது வெளியே போகவும் வழி வேணும்.

ஆரம்ப காலத்தில் டாங்கி மூடியில் சின்ன ஓட்டை, இல்லாவிட்டால் காடிக்கு அடியில் முடியும் ஒரு குழாய். அவ்வளவுதான். ஆவி நேரா வெளிக்காற்றில் கலந்தது. யாரும் கவலைப்படவில்லை.

1943-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தைக் கண் எரிய வைக்கும் புகைமூட்டம் மூடியது. காரணம் பல வருஷம் புரியவில்லை. அன்னாசிப் பழத்தின் வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானிதான் 1950-களின் தொடக்கத்தில் அதை விளக்கினார். பெட்ரோல் ஆவியும் வாகனப் புகையும் வெயிலில் சேர்ந்து ஓசோன் என்ற கெட்ட வாயுவாக மாறுது என்றார். அதாவது, நிறுத்தி வைத்த காடியும் டாங்கி வழியா காற்றைக் கெடுக்குது!

அதன் பிறகு சட்டம் வந்தது. 1970 மாடல் காடிகளுக்குக் கலிபோர்னியாவில், 1971 மாடலுக்கு அமெரிக்கா முழுவதும். டாங்கி ஆவியைக் கரி நிரப்பிய டப்பாவுக்கு அனுப்பி, கரி அதைப் பிடித்து வைத்து, ஓடும்போது இஞ்சினே அதை எரித்துவிடும் ஏற்பாடு. பீட்டலுக்கு டாங்கி முன்னால், இஞ்சின் பின்னால். அதனால் அமெரிக்காவுக்குப் போன பீட்டலில் ஆவிக் குழாய் முன்னாலிருந்து பின்னால் வரை ஓடும். நம்ம ஊர்ப் பழைய காடியில் கரி டப்பா இல்லாமலும் இருக்கலாம். ஆனால் மூச்சுக்கு ஒரு வழி கட்டாயம் இருக்கும்.

ஐம்பது வருஷ ரப்பர் நம்ம வெயிலில் காய்ந்து வெடிக்கும். எண்ணெய் நிரப்பிய அன்றைக்கு வாசம் அதிகமா, அல்லது வளைவில் திரும்பும்போது வாசமா? ஓஸைச் சந்தேகப்படுங்க. இஞ்சின் ஆறின பிறகு டாங்கி கழுத்திலிருந்து கடைசி முனை வரை கையால் தடவிப் பார்க்கணும். வளைவுகளிலும் கிளிப் இறுக்கும் இடத்திலும்தான் முதலில் வெடிக்கும். மாற்றும்போது அதே அளவு, பெட்ரோலுக்கென்றே செய்த ஓஸ் போடணும். மீன் தொட்டி டியூப் வேண்டாம், சீக்கிரம் விறைத்துப்போகும். மடங்காமல், சைலன்சர் பக்கம் போகாமல் கட்டணும்.

வாசம் வருதுன்னு சிலர் ஓஸை அடைச்சிடுறாங்க. அடைச்சால் கொஞ்ச தூரம் ஓடி காடி நின்றுவிடும். மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று இழுக்கும், திரும்ப ஓடும். போமன் பெட்ரோல் பம்ப்பை மாற்றச் சொல்வார், கோளாறு அங்கே இருக்காது.

பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனம். மேலே போகாமல் தரையோடு படியும், சின்ன நெருப்பும் போதும். பீட்டலுக்கு டாங்கி முன்னால் என்பதை நினைவில் வையுங்க. நாம் சூடம் காட்டுறதும் முன்னால்தான். ஆகவே பழைய காடி வைத்திருக்கும் அன்பர்கள் பூஜைக்கு முன்னாடியே அந்த ஓஸைப் பார்த்துவிடுங்க. பெட்ரோல் வாசம் வரும் காடியை வரிசையில் விடாமல் தள்ளி நிறுத்தி, தொண்டர்களிடம் சொல்லுங்க. அதற்குத் திருநீறும் பூவும் போதும். சூடம் அடுத்த வருஷம் காட்டிக்கலாம்.