வேற்காட்டில் பேசாதவர்கள்

லெ ருவா லதூரியின் 'மோன்தாயு'வை (1975) ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்து முடித்த கையோடு திருவேற்காட்டைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன். ஊர்க்காரன் என்பதைத் தவிர இதற்கு வேறு யோக்யதை எனக்கில்லை.

மோன்தாயு தெற்கு பிரான்சில், பிரனீஸ் மலைப் பகுதியில் ஒரு சின்ன கிராமம். 14ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் அங்கே சுமார் 250 பேர். திருச்சபை ஒழிக்க நினைத்த காதர் கொள்கை அங்கே ஒட்டிக்கொண்டிருந்ததால், பாமியே நகரத்து பிஷப் ழாக் ஃபூர்னியே 1318 முதல் 1325 வரை விசாரணை நடத்தினார். பின்னால், 1334இல், இவர்தான் போப் ஆனவர். மனிதர் பொறுமைசாலி. யார் யாரோடு படுத்தார்கள், யார் யாருக்குப் பேன் பார்த்தார்கள், எல்லாவற்றையும் எழுதவைத்தார். பியேர் மோரி என்ற ஆட்டிடையன் 700 வருஷங்கள் கழித்து நமக்குப் பழகியவனாகிவிட்டான். அவர்கள் தங்கள் பாஷையில் சொன்னதை குமாஸ்தாக்கள் லத்தீனில் எழுதினார்கள். பயத்தில் சொன்னதுதான். இருந்தாலும் குரல் கேட்கிறது.

வேற்காட்டுக்கு என்ன இருக்கிறது? சம்பந்தர் பதிகம், வேதபுரீஸ்வரர் கோவிலின் கஜபிருஷ்ட விமானம், ஸ்தல விருட்சமான வேலமரம். கருமாரியம்மனைத் தேடி வரும் கூட்டத்துக்கு இவை அவசியமில்லை. மனிதன் என்று ஒருவர் தென்படுவது பெரியபுராணத்தில்தான். மூர்க்க நாயனார். சேக்கிழார் பக்கத்துக் குன்றத்தூர்க்காரர். இவரைப் பற்றிக் கேள்விப்பட்டே வளர்ந்திருக்கக்கூடும். தினமும் அடியாருக்குச் சோறு போட்டுக் கைப்பொருள் தீர்ந்த வேளாளர், சூதாடிச் சம்பாதிக்கிறார். உள்ளூரில் ஆட ஆளில்லாமல் போக, குடந்தை வரை போய் ஆடுகிறார். ஒப்புக்கொண்டபடி கொடுக்காதவனைச் சுரிகையால் குத்துகிறார். ஜெயித்த பணத்தைத் தன் கையால் தொடுவதில்லை. எனக்கு இவரை ரொம்பப் பிடிக்கும். புராணம் எவ்வளவு பூசியும் மறையாத முரட்டுத்தனம்.

ஆனால் சூதுக்கு முன் ஒரு காரியம் நடக்கிறது. சோறு போடுவதற்காக நிலத்தையும் அடிமைகளையும் விற்கிறார். கதை நிற்காமல் மேலே போய்விடுகிறது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். விற்கப்பட்டவன் எந்த ஊருக்குப் போனான்? குடும்பத்தோடு போனானா? அடியார் சாப்பிட்ட சோற்றில் அவன் விலை எவ்வளவு?

நமக்கு இன்க்விசிஷன் வாய்க்காதது பாக்கியம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். இருக்கலாம். ஃபூர்னியே சிலரை நெருப்பிலும் ஏற்றியவர். ஆனால் ஆளை விற்கப் பத்திரம் நம்மிடமும் இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் அதற்குப் பெயர் 'ஆள்விலைப் பிரமாண இசைவுத் தீட்டு'. 1767இலிருந்து 1774 வரை பார்னார்ட் செங்கல்பட்டு ஜாகீரில் சுமார் 2000 கிராமங்களைக் கணக்கெடுத்தபோது எந்த ஜாதிக்கு எத்தனை வீடு, யாருக்கு எவ்வளவு நெல் என்பது வரை எழுதினார்கள். எழுதியவர்களுக்கு வீட்டிலிருந்தவன் என்ன நினைத்தான் என்பது தேவைப்படவில்லை.

நான் பாங்க்கில் வீட்டுக்கடன் பிரிவில் இருக்கிறேன். வேற்காட்டு மனைகளின் தாய்ப்பத்திரங்கள் என் மேஜைக்கு வருகின்றன. வில்லங்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவேண்டும். சென்ற மாதம் ஒரு பழைய பத்திரத்தில் நான்கெல்லை சொல்லும்போது, மூன்று பக்கமும் பட்டாதாரர்களின் பெயர், தகப்பனார் பெயரோடு. நாலாவது பக்கம் 'சேரிக்குப் போகும் வழி'. கடன் பாஸாகிவிட்டது.