இரங்காத நெஞ்சும் இரங்கிய நீதிமன்றமும்

குற்றவாளிக்குரிய தண்டனையை வரையறுக்குமுன் நீதிபதி இரண்டு வினாக்களை எழுப்புதல் மரபு. இவன் முன்னரும் குற்றம் புரிந்தவனா? செய்ததற்கு இன்று மனம் வருந்துகின்றானா? இவ்விரண்டையும் புறக்கணித்த ஒரு நீதிமன்றத்தின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

1923 நவம்பர் 8, 9 ஆகிய நாள்களில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஹிட்லர் ஆயுதக் கூட்டத்துடன் ஆட்சியைக் கைப்பற்ற முயன்றான். காவலர் நால்வர் மாண்டனர். முயற்சி தோற்றது. 1924 பிப்ரவரி 26ஆம் நாள் வழக்கு விசாரணை தொடங்கிற்று.

அவன் புதிய குற்றவாளி அல்லன். 1921இல் அரசியல் எதிரியான ஓட்டோ பாலர்ஷ்டெட் பேசவிருந்த கூட்டத்துள் ஆட்களுடன் புகுந்து வன்முறை விளைவித்தமைக்காக, 1922 சனவரியில் மூன்று மாதச் சிறைத்தண்டனை பெற்றவன். ஏறத்தாழ ஒரு மாதமே சிறையிலிருந்தான். எஞ்சிய தண்டனை நன்னடத்தை நிபந்தனையின் பேரில் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்நிபந்தனைக் காலம் முடியுமுன்னரே ஆட்சியைக் கவிழ்க்கத் துணிந்தான்.

மனம் வருந்தினானா? இல்லை. குற்றவாளிக் கூண்டையே மேடையாக்கி மணிக்கணக்கில் முழங்கினான். பொறுப்பு முழுதும் தன்னுடையதே என்றான். ஆயின் அது குற்றமன்று, 1918இல் குடியரசை அமைத்தோரே துரோகிகள் என்றான். தலைமை நீதிபதி கியோர்க் நைட்ஹார்ட் அவனைத் தடுத்தாரில்லை.

ஏப்ரல் 1ஆம் நாள் தீர்ப்பு வந்தது. சட்டம் அனுமதித்த மிகக் குறைந்த தண்டனையான ஐந்தாண்டுக் கோட்டைக் காவல். ஆறு மாதங்களுக்குப்பின் நன்னடத்தையின் பேரில் விடுதலை பெறும் வாய்ப்பு. ஆஸ்திரியக் குடிமகனாகிய அவனை நாடு கடத்தச் சட்டத்தில் இடமிருந்தது. ஜெர்மானியனாகவே எண்ணி உணர்பவன் என்று கூறி அதனையும் தவிர்த்தனர். டிசம்பர் 20ஆம் நாள் அவன் வெளியே வந்தான்.

இக்கருணை எல்லோர்க்கும் பொதுவானதன்று. 1919இல் மியூனிக்கில் எழுந்த இடதுசாரிக் கிளர்ச்சியில் பங்குகொண்ட எழுத்தாளர் எர்ன்ஸ்ட் டோலர் தம் ஐந்தாண்டுத் தண்டனையை முழுமையாகக் கழித்தார். கணித அறிஞர் எமில் கும்பெல் 1922இல் வெளியிட்ட கணக்கின்படி, நான்காண்டுகளில் வலதுசாரிகள் செய்த அரசியற் கொலைகள் 354. அவற்றுள் 326 தண்டிக்கப்படவேயில்லை. இடதுசாரிகள் செய்தவை 22. தண்டனைக்குத் தப்பியவை 4 மட்டுமே.

வருந்துதல் என்பது கொள்கையைக் கைவிடுதல் அன்று. தன்னால் வீழ்ந்தவனும் மனிதனே என ஒப்புதலே வருத்தம். நாட்டுப்பற்று என்னும் போர்வையைக் கண்டு மயங்கிய நீதிபதிகள் மாண்ட காவலரையும் மறந்தனர். கூட்டத்தில் தாக்குண்டவரையும் மறந்தனர். 1933 சனவரி 30ஆம் நாள் ஹிட்லர் ஆட்சித் தலைவனானான். 1934இல் அவன் நடத்திய களையெடுப்பில் பாலர்ஷ்டெட் கொல்லப்பட்டார்.

நீதிமன்றம் யாரைத் தன்னவன் எனக் கருதுகின்றதோ அவனுடைய பழங்குற்றம் ஏட்டினின்று மறைந்துவிடும். ஆதலின், சட்டம் பயிலும் நம் இளைஞர்கள் ஒரு தீர்ப்பில் எழுதப்பட்டதை மட்டுமன்றி, எழுதாமல் விடப்பட்டதையும் தேடிப் படிப்பார்களாக!